நான்கு கீறல்

ஜனவரி 14

அன்புள்ள அக்காவுக்கு,

உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? எனக்குச் சளி போய்விட்டது. இருமல் மட்டும், கிளம்ப மனமில்லாத விருந்தாளி மாதிரி உட்கார்ந்திருக்கிறது. போனில் நான் என்ன சொன்னாலும் "ம்... ம்..." என்று கேட்டுவிட்டு, "சரி, வெச்சிடவா?" என்கிறாய். அதனால்தான் எழுதுகிறேன். கடிதத்துக்கு "ம்" போட முடியாது.

ஒரு செருப்புப் பெட்டி பார்சலில் வருகிறது. அவர் போய் இரண்டு மாதம் கழித்து இன்றைக்குத்தான் அவருடைய மேஜை இழுப்பறையைத் திறந்தேன். பார்சல் ஆபீசில் ஒவ்வொருவர் பிறந்தநாளுக்கும் அவர் தன் கையால் வாழ்த்து அட்டை செய்து கொடுப்பது உனக்குத் தெரியும். தானே எடுத்த படம், அந்தச் சின்ன பிரிண்டரில் தானே அச்சடித்தது. இந்த வருஷத்துக்கான இருபத்திரண்டு அட்டைகளையும் மடித்து, பெயர் போட்டு, உள்ளே வாழ்த்தும் எழுதி வைத்திருக்கிறார். முகப்பில் படம் வைப்பதுதான் பாக்கி. படங்களும் ரப்பர் பேண்டு போட்டு ஒரு கட்டாக இருந்தன.

என்னால் முடியவில்லை, அக்கா. கத்தியை எடுத்தேன், திரும்ப இழுப்பறையிலேயே வைத்துவிட்டேன். உனக்கு ஆய்வகத்தில் மில்லிமீட்டரோடு பழக்கம். நீ முடித்துக் கொடு. மாதிரிக்கு எனக்கு அவர் கொடுத்த அட்டையையும் பெட்டியில் வைத்திருக்கிறேன். அவர் பசையைத் தொடமாட்டார். நான்கு மூலைக்கு நான்கு கீறல் போட்டு, படத்தின் மூலைகளை அதில் செருகிவிடுவார். "பிடிச்சிருந்தா உருவி ஃபிரேம் போட்டுக்கட்டும். ஒட்டிட்டா படம் அட்டைக்கு அடிமை" என்பார்.

எல்லாம் எங்கள் தெருமுனை நாற்சந்திப் படமாகத்தான் இருக்கும். முன்பெல்லாம் பறவை, மேகம், மழையில் நிற்கிற பார்சல் வண்டி என்று விதவிதமாக எடுப்பார். கடைசி இரண்டு வருஷமாக இது ஒன்றுதான். ஆபீசில் பார்சலை எடை போடுகிறவன் இருக்கிறானே, தராசு என்று கூப்பிடுவார்கள், அவன் கேலி செய்வான்: "என்ன அண்ணே, பிறந்தநாளும் அதுவுமா டிராஃபிக்கைக் குடுக்கறீங்க?"

அந்த நாற்சந்தியிலேயே போனார். அன்றைக்குக் காலையில்

சரி, அது கிடக்கட்டும். வேளைக்குச் சாப்பிடு. படி ஏறும்போது கம்பியைப் பிடித்துக்கொள்.

உன் அன்புத் தங்கை


பிப்ரவரி 2

அன்புள்ள தங்கைக்கு,

முழங்கால் மாடிப்படியைக் கண்டால் மட்டும் வலிக்கிறது. தட்டையான உலகத்தில் நான் நலம். இருமல் மூன்று வாரத்துக்கு மேல் நின்றால் மருத்துவரைப் பார். நீயாக மருந்து வாங்காதே.

பெட்டி வந்தது. மடிப்பதற்கு முன் கத்தியின் முதுகால் கோடு இழுத்திருக்கிறார். ஒரு மடிப்பில்கூட வெடிப்பு இல்லை. படங்களும் சரியாக இருபத்திரண்டு. மாதத்துக்கு ஒன்று எடுத்திருக்க வேண்டும்.

கட்டைப் பிரித்துப் பார்த்தாயா, அப்படியே அனுப்பினாயா? ரப்பர் பேண்டு மேல் படத்தோடு ஒட்டிப்போயிருந்தது. அதற்காகக் கேட்கிறேன்.

நீ பாதியில் விட்ட வரியைப் பார்த்தேன். எழுதத் தோன்றினால் எழுது.

அக்கா


பிப்ரவரி 10

அன்புள்ள அக்காவுக்கு,

இருமல் குறைந்திருக்கிறது. நீ சொன்னதற்காகவே மருத்துவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, கம்ப்யூட்டரைப் பார்த்தார்.

பிரிக்கவில்லை. மேலே இருந்த படத்தைப் பார்த்ததுமே பெட்டியை மூடிவிட்டேன். அந்த ரோட்டைத் தினமும் இரண்டு முறை தாண்டுகிறேன். படத்தில் வேறு பார்க்க வேண்டுமா?

ஆபீசிலிருந்து பெரியவர் வந்திருந்தார். தலைமை எழுத்தர் என்று சொன்னால் கோபித்துக்கொள்வார், பெரியவர் என்றால்தான் பிடிக்கும். என் வீட்டுக்காரருடைய லாக்கரில் இருந்த குடையையும் தண்ணீர் பாட்டிலையும் கொண்டுவந்தார். "நல்ல மனுஷன்மா. கடைசில கொஞ்சம் தடுமாற்றம். போறதுக்கு முந்தின மாசம்கூட என் மேஜையில இடிச்சு மையைக் கொட்டிட்டார். நான் சத்தம் போட்டேன்" என்று சொல்லிவிட்டுத் தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். தான் சத்தம் போட்டது மட்டும்தான் பெரியவருக்கு உறுத்துகிறது போலிருக்கிறது. கொடுத்துவைத்தவர்.

நாற்சந்தி டயர் கடைக்காரர் நேற்று வழியில் நிறுத்தினார். கேட்காமலே சொன்னார். "நான் பார்த்துட்டுதான் இருந்தேன்மா. லாரி இடது பக்கம் வருது. இவர் பாட்டுக்கு எறங்கி நடக்கறாரு. ஒரு தடவை அந்தப் பக்கம் திரும்பக்கூட இல்ல." பிறகு, "மனசுல என்ன இருந்துச்சோ" என்றார்.

உன் கடிதம் சீக்கிரம் வேண்டும்.

உன் தங்கை


மார்ச் 24

அன்புள்ள தங்கைக்கு,

நடுவில் நீ போட்ட இரண்டு கார்டுகளும் கிடைத்தன. ஆறு வாரம் பதில் எழுதாதது தவறுதான். ஆய்வகத்தில் தண்ணீர் மாதிரிகள் குவிந்துவிட்டன. உடம்புக்கு ஒன்றும் இல்லை.

அட்டைகளை முடித்து, உன் மாதிரி அட்டையோடு சேர்த்து இன்று பார்சலில் போட்டிருக்கிறேன். கீறல் போட்டுப் பார்த்தேன். இந்தக் காகிதம் தடிமன், மூலைகள் பிதுங்குகின்றன. அதனால் வெள்ளைப் பசை வைத்து முழுக்க ஒட்டி, புத்தகங்களை மேலே அடுக்கிக் காயவைத்தேன். கொஞ்சம் சுருக்கம் விழுந்திருக்கிறது. பெரிதாகத் தெரியாது.

டயர் கடைக்காரர்கள் சொல்வதை எல்லாம் மனதில் போட்டுக்கொள்ளாதே. வெயில் ஏறுகிறது, தண்ணீர் நிறையக் குடி.

அக்கா


ஏப்ரல் 3

அன்புள்ள அக்காவுக்கு,

நான் இருக்கிறேன். நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்கத்தான் பேனாவை எடுத்தேன், வேறு எங்கோ போகிறது. பொறுத்துக்கொள்.

இந்த வருஷம் பிறந்தநாள் தாண்டிப்போன ஆறு பேருக்கு அட்டைகளைக் கொடுத்தேன். தராசு வாங்கியதும் படத்தை உருவப் பார்த்தான். வரவில்லை.

"அண்ணி, அண்ணன் ஒட்டமாட்டாரே. யாரு ஒட்டினது?"

"எங்க அக்கா."

"படிச்சவங்களா?"

"ரொம்ப."

"அதான்" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து என் அட்டையை எடுத்துப் பார்த்தேன். அதே தடிமன், அதே காகிதம். மூலை எதுவும் பிதுங்கவில்லை. நீ ஏன் ஒட்டினாய்?

அந்தப் பாதி வரியை இப்போது முடிக்கிறேன். அன்றைக்குக் காலையில் அவர் ஒரு டம்ளரை மேஜை விளிம்புக்கு வெளியே வைத்தார். விழுந்து உடைந்தது. இது எத்தனையாவது என்று எனக்கே தெரியவில்லை. வேலைக்கு நேரமாகிவிட்டது, கண்ணாடித் துண்டைக் காலில் வேறு மிதித்தேன். "உங்களால ஒரு பிரயோஜனம் உண்டா? எங்கயாவது போய்த் தொலைங்க" என்றேன். அவர் "சரி" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு போனார். இருபது நிமிஷத்தில் ஆட்கள் வந்து கதவைத் தட்டினார்கள்.

எல்லாரும் விபத்து என்கிறார்கள். ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்காமல் யாராவது லாரிக்கு முன்னால் இறங்குவார்களா? தானாகப் போனாரா, அக்கா? என் வாயால்தான் போனாரா? எனக்கு இது ஒன்று தெரிந்தால் போதும். இரண்டு வருஷம் முன்பு ஆபீஸ் பயிற்சி என்று உன் வீட்டில் ஐந்து நாள் தங்கினார். மனதில் இருந்ததை உன்னிடம் ஏதாவது சொன்னாரா?

உன் தங்கை


ஏப்ரல் 8

அன்புள்ள தங்கைக்கு,

நலம் விசாரிப்பதைக் கடைசியில் வைத்துக்கொள்கிறேன்.

நீ இப்படி நினைத்துக்கொண்டிருப்பது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் ஜனவரியிலேயே சொல்லியிருப்பேன். சொல்லியிருப்பேன் என்றுதான் நம்புகிறேன்.

அவர் பயிற்சிக்கு வரவில்லை. இங்குள்ள கண் மருத்துவமனைக்கு வந்தார். பக்கப் பார்வை குறைந்துகொண்டே வருகிறது, நடுவில் தெரிவது கடைசிவரை இருக்கும் என்றார்கள். எதிரில் இருப்பவர் முகம் தெரியும், பக்கவாட்டில் வருபவர் தெரியமாட்டார். போனதைத் திருப்ப முடியாது. உன்னிடம் சொல்லக் கூடாது என்று என்னிடம் வாக்கு வாங்கினார். கொடுத்தேன்.

அந்தப் படங்கள் அதற்காக எடுத்தவை. மாதத்தில் ஒரு நாள் அதே இடத்தில் நின்று, எதிரே விளக்குக் கம்பத்தை மட்டும் பார்த்து, மெதுவாகப் பத்து எண்ணுவார். பிறகு அகலமாக ஒரு படம் எடுப்பார். வீட்டில் அச்சடித்து, படத்தில் இருந்தும் தனக்குத் தெரியாமல் போனது எவை என்று பின்பக்கம் பென்சிலில் குறித்துக்கொள்வார். வாழ்த்து அட்டைக்கு இன்னொரு பிரதி எடுப்பார். இந்த வருஷத்துக்கு எடுப்பதற்குள் போய்விட்டார். நீ அனுப்பியவை குறிப்பு எழுதிய படங்கள். அதனால்தான் ஒட்டினேன்.

எழுதியதை அழிக்கிற பழக்கம் எனக்கு இல்லை. ஒட்டுவதற்கு முன் என் நோட்டில் எடுத்து எழுதினேன். மூன்றைக் கீழே தருகிறேன்.

முதல் வருஷம், பிப்ரவரி. இடது: சைக்கிள் ஒன்று. வலது: எதுவும் விடவில்லை.

அடுத்த வருஷம், ஜூன். இடது: வேன், பள்ளிப் பிள்ளைகள் இருவர். வலது: குடை பிடித்த அம்மா.

நவம்பர் 1. இடது: பஸ் ஒன்று, முழுதாக. படத்தில்தான் பார்த்தேன்.

இது அவர் போவதற்கு எட்டு நாள் முன்பு எழுதியது. லாரி இடது பக்கத்திலிருந்து வந்தது. அவர் தானாகப் போகவில்லை. அவருக்குத் தெரியவில்லை.

தூங்குகிறாயா? இருமல் எப்படி இருக்கிறது?

அக்கா


ஜூன் 15

அக்காவுக்கு,

இங்கே எல்லாம் வழக்கம்போல. உன் முழங்காலைப் பார்த்துக்கொள்.

உன் கடிதத்தை இரண்டு மாதமாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். எழுத்து உன்னுடையது. என்னைத் தூங்கவைக்க எது வேண்டும் என்று உட்கார்ந்து யோசித்து, அதை அழகான கையெழுத்தில் எழுதக்கூடியவள் நீ. அம்மா கடைசியாக என் பெயரைத்தான் சொன்னாள் என்றாய். ஏழு வருஷம் அதைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அம்மாவுக்குக் கடைசி மூன்று நாள் நினைவே இல்லை என்று அங்கிருந்த நர்ஸ் சொல்லித்தான் தெரிந்தது. இதுவரை உன்னிடம் கேட்டதில்லை. இப்போதும் கேட்கவில்லை.

பெரியவரிடம் விசாரித்தேன். "பயிற்சியா? நம்ம ஆபீஸ்ல கடைசியா பயிற்சி குடுத்தது எனக்குத்தாம்மா. டைப்ரைட்டருக்கு" என்றார். ஆகவே பயிற்சி பொய். அந்தப் பொய் அவருடையது. மீதி யாருடையது என்று எனக்கு எப்படித் தெரியும்?

ஒட்டாமல் இருந்திருந்தால் உருவிப் பார்த்திருப்பேன்.

தங்கை


ஜூன் 20

அன்புள்ள தங்கைக்கு,

அம்மா விஷயத்தில் பொய் சொன்னேன். உண்மை.

என்னை நம்பச் சொல்லவில்லை. நீயே பார்த்துக்கொள். கையில் இருக்கும் அட்டைகளில் பெரியவருடையதை எடு. நவம்பர் படம் அதில்தான் இருக்கிறது. அகலமான தட்டில் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றி, அட்டையை விரித்து, படம் மேலே இருக்கும்படி அரைமணி நேரம் ஊறவிடு. பிறகு கவிழ்த்துப் போட்டு, படத்தை இழுக்காமல் அட்டையை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக உரி. மிச்சம் ஒட்டியிருக்கும் நாரைக் கட்டைவிரலால் தேய்த்து எடு. நகம் படக் கூடாது.

ஒன்றைத் தெரிந்துகொண்டு செய். படத்தின் மை கரைந்துவிடும். உள்ளே அவர் எழுதிய வாழ்த்தும் கரைந்துவிடும். பென்சில் மட்டும் கரையாது.

வரச் சொன்னால் வருகிறேன்.

அக்கா


ஜூலை 12

அக்காவுக்கு,

உடம்புக்குக் குறைவில்லை. நீ வர வேண்டாம்.

இரண்டு வாரம் அந்த அட்டையை வெளியே எடுப்பதும் உள்ளே வைப்பதுமாக இருந்தேன். போன ஞாயிற்றுக்கிழமை காலையில் செய்தேன். முதலில் உள்ளே இருந்த வாழ்த்தை ஒரு தாளில் எழுதிக்கொண்டேன். "பெரியவருக்கு: இன்னும் ஒரு வருஷம் எங்களைத் திட்ட உங்கள் தொண்டை ஒத்துழைக்கட்டும்." தட்டில் போட்டதும் முதலில் அந்த எழுத்துதான் நீலமாகக் கிளம்பியது. பிறகு ரோடு, கம்பம், பஸ் எல்லாம் கலங்கி ஒரே சாம்பல் தண்ணீர். உரித்துத் தேய்த்தேன். சில இடத்தில் கிழிந்தது. படிக்க முடிந்தது.

அவர் எழுத்துதான். பஸ் வரி நீ எழுதிய மாதிரியே இருக்கிறது. அதற்குக் கீழே இருந்ததை நீ எழுதவில்லை.

"வீட்டில் டம்ளர் இரண்டு. திட்டினாள். திட்டட்டும். தெரிந்தால் கையைப் பிடித்துக்கொண்டு கூடவே வர ஆரம்பிப்பாள். அப்புறம் என்னைத் திட்ட வீட்டில் ஆள் இருக்காது."

அவர் தானாகப் போகவில்லை. நம்புகிறேன். எட்டு மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்த ஒன்று கிடைத்துவிட்டது. மூச்சு விட்டேன். ஒரு நாள் முழுக்க நன்றாகத்தான் இருந்தது.

அடுத்த நாளிலிருந்து ஒவ்வொன்றாக வருகிறது. கதவு நிலையில் தோளை இடித்துக்கொண்டார், "பாத்து நடக்கத் தெரியாதா" என்றேன். பக்கத்து வீட்டம்மா வணக்கம் சொல்லியும் பேசாமல் போனார், திமிர் பிடித்த மனுஷன் என்றேன். சாப்பிடும்போது பக்கத்தில் தண்ணீரை நான் வைப்பேன், அவர் எடுக்கவேமாட்டார். வைத்ததற்கு மரியாதை இல்லை என்று ஒரு வாரம் வைக்காமலே இருந்தேன். முன்பு ஒரு வார்த்தைதான் என் மேல் கிடந்தது. இப்போது இரண்டு வருஷம் கிடக்கிறது.

அந்த வரிகளை ஏன் விட்டாய்?

தங்கை


ஜூலை 30

அன்புள்ள தங்கைக்கு,

எப்படி இருக்கிறாய் என்று கேட்கிற தகுதி எனக்குக் குறைவு. ஆனாலும் கேட்கிறேன்.

இருபத்திரண்டு படங்களிலும் கடைசி வரி உன்னைப் பற்றியதுதான். நீ போட்ட சத்தம், நீ உடுத்திய நிறம், நீ தண்ணீர் வைக்காத வாரம். அதுவும் இருக்கிறது. கோபமாக இல்லை. அவர் அதை எண்ணிக்கொண்டிருந்தார், அவ்வளவுதான். எல்லாவற்றையும் என் நோட்டில் எடுத்து எழுதியிருக்கிறேன். கேட்டால் அனுப்புகிறேன்.

உனக்கு வலிக்கும் என்று ஒட்டியதாக எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பாதிதான். அதைப் படித்தால் அடுத்தபடி நீ என்னைப் பார்த்துக் கேட்பாய்: "உனக்கு முன்பே தெரியுமா?" தெரியும். இரண்டு வருஷம் தெரியும். நான் ஒரு வரி எழுதியிருந்தால் நீ அவர் கையைப் பிடித்துக்கொண்டு அந்த ரோட்டைத் தாண்டியிருப்பாய். அவர் என்னிடம் வாக்குக் கேட்டார், நானும் கொடுத்துவிட்டு, அதைக் காப்பாற்றுவது பெரிய நேர்மை என்று இருந்துவிட்டேன். அந்தக் கேள்விக்குப் பயந்துதான் பசையை முழுக்கப் பூசினேன். ஓரங்களில் இரண்டு தரம்.

மன்னிக்கச் சொல்லி இதை எழுதவில்லை.

அக்கா


அக்டோபர் 3

அக்காவுக்கு,

மிச்சம் இருந்த அட்டைகளை நீ ஒட்டியபடியே அவரவர் பிறந்தநாளுக்குக் கொடுத்துவருகிறேன். யாரும் உரித்துப் பார்க்கப்போவதில்லை. பெரியவருக்கு மட்டும் நான் புதிதாக ஒன்று செய்து கொடுத்தேன். அவர் வாழ்த்தை என் கையெழுத்தில் எழுதினேன். பெரியவர் படித்துவிட்டுச் சத்தமே போடாமல் உள்ளே போய்விட்டார். தராசு, "அண்ணி, இவர் அமைதியா இருந்தா எங்களுக்குப் பயமா இருக்கு" என்றான்.

நோட்டை அனுப்பாதே. எப்போது வேண்டும் என்று எனக்கே தெரியவில்லை. கேட்காமலும் போகலாம்.

நீ பயந்த கேள்விக்கு நீயே பதில் எழுதிவிட்டாய். தெரிந்தும் ஏன் எனக்கு ஒரு வரி எழுதவில்லை என்ற அடுத்த கேள்வி என்னிடம் இருக்கிறது. இப்போது கேட்கமாட்டேன். கேட்டால் நீ உண்மையைச் சொல்லிவிடுவாய்.

வருகிற வாரம் உனக்கு ஐம்பது. இத்துடன் ஒரு வாழ்த்து அட்டை. படம் நான் எடுத்தது, அவருடைய கேமராவில். அச்சடித்ததும் நான்தான், மூன்று தாள் வீணாயிற்று. கீறல்களில் ஒன்று கோணலாகிவிட்டது. ஒட்டவில்லை. உருவிப் பார்.

முழங்காலைப் பார்த்துக்கொள்.

தங்கை


(படத்தின் பின்பக்கம், பென்சிலில்)

அக்டோபர் 1. அவர் நின்ற இடத்தில் நின்று, கம்பத்தை மட்டும் பார்த்துப் பத்து எண்ணினேன்.

இடது: டயர் கடை. சைக்கிள் இரண்டு. பஸ். பஸ்ஸுக்குப் பின்னால் ஒரு லாரி.

வலது: குடை பிடித்த அம்மா. பள்ளிப் பிள்ளைகள்.

எல்லாம் தெரிந்தது.